ஞாயிற்றுக்கிழமை பத்து நாற்பது

அத்தியாயம் 7

"அக்கா, இந்தப் பச்சைப் பட்டை நகருதா, இல்லை எனக்குத்தான் கண்ணு பூத்துப் போச்சா?"

கோலியோ கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தான். இதை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியாது. மத்தலேனா திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு கையில் ஓலை விசிறி, இன்னொரு கையில் பொரித்து எண்ணெய் மினுங்கும் பனிகேகே மாவுருண்டை. அபியா துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து, அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே வயதானவள். ஓய்வு பெற்றதும் கோலியோவை உதவிக்கு வைத்துக்கொண்டு அதையே துப்பறியும் தொழிலாக்கிக்கொண்டாள். உடம்பு பெரிது, நடை மந்தம், மூளை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"நகருது. நீ பாக்கறதை நிறுத்து, இன்னும் வேகமா நகரும்."

"மூணு மணிக்கு ஊர்ச்சபை கூடுது. இது போற வேகத்தைப் பாத்தா, அந்தம்மா சட்டி பானையை லாரியில ஏத்தினதுக்கு அப்புறம்தான் முடியும்."

சொன்ன பிறகுதான் டிரேசா வாசற்படியில் நிற்பதைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளுக்குப் பின்னால், வெளியே, கயிறு போட்டுக் கட்டிய மூட்டைகள் ஏற்கெனவே வரிசையாக இருந்தன. மேல் மூட்டையில் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டிரேசா லோத்தோசினா கிராமத்தில் வீட்டு முகப்பிலேயே கம்ப்யூட்டரும் செல்போனும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். அவள் அப்பா மாலேபோ என்ற பட்டம் தாங்கிய குடும்பத் தலைவர். போன வாரம் இறந்துபோனார். அடுத்து அந்தப் பட்டம் யாருக்கு என்ற கடைசி வாக்கை, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து சொன்னார். குடும்பம் மொத்தமும் கூடும்போதுதான் போட வேண்டும், அதுவரை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்டளை. டிரேசா ஒரு நொடிகூடப் பார்க்காமல் அதை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, பாதிரியார் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். புதன்கிழமை குடும்பம் கூடி டிஸ்க்கைச் செருகினால் உள்ளே ஒன்றுமே இல்லை.

யாரோ ஃபார்மட் செய்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் தோண்டித் துருவிப் பார்த்ததில் மறைந்திருந்த ஃபோல்டர் ஒன்று மட்டும் கிடைத்தது. அது உண்டான நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பது.

அந்த நேரத்தில் ஊரே தேவாலயத்தில் இருந்தது. வராதவள் காய்ச்சலில் படுத்திருந்த டிரேசா ஒருத்திதான். ஊரில் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவளும் அவள்தான். ஓய்வுநாளில் வேலை செய்தது ஒரு குற்றம், செத்தவர் வாக்கை அழித்தது அதைவிடப் பெரிய குற்றம். சபை என்ன சொல்லப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்: டிரேசா, பிள்ளைகள், அவளுடைய விதவைத் தாய், நாலு பேரும் ஊரை விட்டு வெளியே. சபையின் பேச்சாளர் மூன்று மணி வரைக்கும் டிஸ்க்கை மத்தலேனாவிடம் கொடுத்து வைத்திருந்தார். அதுவே பெரிய மனசு.

ஊரை விட்டு அனுப்புவது என்றால் என்னவென்று கோலியோவுக்குத் தெரியும். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அவன் குடும்பத்தையும் ஒரு ஊர் அப்படித்தான் அனுப்பியது. லாரியின் பின்னால் பாய்ச்சுருளோடும் பன்றிக்குட்டியோடும் அவன் உட்கார்ந்திருந்தான். கூட விளையாடிய பிள்ளைகளில் ஒருத்தன்கூடக் கை காட்டவில்லை. இன்றைக்கு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாததற்கு அதுதான் காரணம். அதை அவன் மத்தலேனாவிடம் சொன்னதில்லை.

அவன் செல்போன் அலறியது.

"சொல்லுங்கத்தை... இல்லத்தை, படகு நாளைக்கு இல்லை, இன்னிக்கு. இங்க இன்னிக்குத்தான் வெள்ளிக்கிழமை. உங்க ஊர்ல இல்லத்தை, எங்க ஊர்ல! சரி சரி, உங்க சாமானை ஏத்திவிடறேன், வெச்சிடுங்க." போனைப் பைக்குள் திணித்தான். "பக்கத்துத் தீவு பாகோ பாகோவுல உக்காந்துக்கிட்டு என் உயிரை வாங்குது."

மத்தலேனா விரலை நக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"டிரேசா, இங்க வா. உன்கிட்ட இருக்கிறது இந்த ஒரு கம்ப்யூட்டர்தானே?"

"இது ஒண்ணுதான்க்கா. விண்டோஸ்."

"அந்த டிஸ்க் அளவுக்கே காலி டிஸ்க் ஒண்ணு எடு. ஃபார்மட் பண்ற ஜன்னலைத் திற. எதையும் அழிச்சுடாதே, திறந்து மட்டும் காட்டு."

டிரேசா ஒரு டிஸ்க்கைச் செருகினாள். சின்ன ஜன்னல் ஒன்று விரிந்தது. ஃபைல்களை எந்த வகை அமைப்பில் வைக்கட்டும், டிஸ்க்குக்கு என்ன பெயர் வைக்கட்டும், வேகமாக அழிக்கட்டுமா முழுசாக அழிக்கட்டுமா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது.

"அமைப்புல என்னென்ன இருக்குன்னு படி."

"என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட். ரெண்டுதான்."

"ஃபேட் முப்பத்திரண்டு?"

"அது வராதுக்கா. அது பழைய வகை. சின்ன பென்டிரைவ்னா காட்டும், இத்தனை பெரிய டிஸ்க்குக்கு இந்த ஜன்னல்ல காட்டவே காட்டாது." அவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏன், அந்த டிஸ்க் அதுலயா இருக்கு?"

"அதுலதான் இருக்கு."

கோலியோ துள்ளி எழுந்தான். "அதாவது, இந்தக் கடை மெனுவுலயே இல்லாத பண்டம் தட்டுல வந்திருக்கு!"

"வேற சமையல்கட்டுல செஞ்சது," என்றாள் மத்தலேனா. "தனியா ஒரு புரோகிராம் தேடிப்பிடிச்சுப் போட்டா இதுலயும் பண்ணலாம், அதை நான் மறுக்கலை. ஆனா வாத்தியார் கண்டுபிடிச்சாரே ஒரு ஃபோல்டர், அதோட தேதியைப் படிச்ச மனுஷன் பேரைப் படிக்கலை. ஆப்பிள் கம்ப்யூட்டர் எந்த டிஸ்க்கைத் தொட்டாலும் தனக்குன்னு ஒரு மறைவான அறை கட்டிட்டுத்தான் போகும். இது அந்த அறை."

"இந்த ஊர்ல ஆப்பிள் யார்கிட்ட இருக்கு? எனக்குத் தெரிஞ்சு யாரும் ரிப்பேருக்குக் கொண்டு வந்ததில்லையே," என்றாள் டிரேசா.

"இன்னொண்ணு கேட்டுக்க. அழிச்சவன் அவசரக்காரன். வேகமான முறையைத்தான் எடுத்திருக்கான். அது பொருளடக்கத்தை மட்டும் கிழிச்சுப் போடற மாதிரி. பக்கமெல்லாம் உள்ளேயே கிடக்கும். அதைத்தான் இந்தப் பச்சைப் பட்டை தேடிக்கிட்டிருக்கு. என்ன கிடைச்சா நிறுத்தணும்னு சொல்லு."

"ரெண்டு வீடியோ ஃபைல்க்கா. ஒரே பேச்சுதான், ஆனா ரெண்டு துண்டு. பழைய கேமரா, பழைய கார்டு. அதுவும் ஃபேட்தான். ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்ட முடியாது. தாண்டறப்ப பேசிக்கிட்டிருக்கிற மனுஷனைக் கேக்காமலே வெட்டிட்டு அடுத்த ஃபைலை ஆரம்பிச்சுடும்."

வாசலில் பேருந்து ஒன்று புழுதி கிளப்பி நின்றது. அதன் ஹாரனைவிடப் பெரிய குரலோடு ஒரு ஆள் இறங்கி வந்தான். டிரேசாவின் அண்ணன் பவுலோ. பேருந்து அவனுடையது, ஊரில் பாதிச் சத்தமும் அவனுடையது.

"இன்னும் என்ன பெரிய ஆராய்ச்சி? மூத்தவன் நான், பட்டம் எனக்கு வர வேண்டியது. அப்பா என் பேரைத்தான் சொல்லியிருப்பாரு. அது பொறுக்காமத்தான் இவ அழிச்சுட்டா!"

டிரேசா முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் காலி டிஸ்க்கைக் கழற்றினாள்.

"அண்ணே, கத்தறதுக்கு முன்னாடி ஒரு உதவி," என்றாள் மத்தலேனா. "அந்த மவுஸைக் கொஞ்சம் இடது பக்கமா நகர்த்துங்களேன்."

பவுலோ மவுஸை மேசையிலிருந்து தூக்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் கொண்டுபோய் வைத்தான்.

"அண்ணன் பேரை அடிச்சுடலாம்," என்றான் கோலியோ.

"எந்தப் பேரை?"

"ஒண்ணுமில்லண்ணே, நல்ல விஷயம்தான். உங்க குடும்பத்துல ஆப்பிள் கம்ப்யூட்டர் யாரு வெச்சிருக்காங்க?"

"கடிச்ச ஆப்பிள் படம் போட்டதுதானே? செமிசி. என் சித்தப்பா மகன். பாகோ பாகோவுல கல்யாணம் காட்சிக்குக் கச்சேரி பண்றவன். சாவுக்கு வந்தவன் பாதிரியார் வீட்டுலதான் தங்கியிருக்கான்." கோலியோவும் மத்தலேனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்த பவுலோ தலையை ஆட்டினான். "அங்க போகாதீங்க. ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துல அவன் என் பக்கத்துல நின்னு பாடிக்கிட்டிருந்தான். தனிப்பாட்டு. ஊரே அழுதுச்சு, நான்கூட."

செமிசி தேவாலயக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த, களையான ஆள். இவர்களைப் பார்த்ததும் ஒரு நொடி விரல்கள் நின்றன. பிறகு எழுந்து வந்து, கோக்கோ குடிக்கிறீர்களா, மின்விசிறியைத் திருப்பட்டுமா, வெயிலில் நடந்தா வந்தீர்கள் என்று தேவைக்கு மேலேயே உபசரித்தான்.

மத்தலேனா பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்தாள். கோலியோவுக்கு உள்ளே அரித்தது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. இவள் என்னவோ விருந்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"உங்க ஞாயித்துக்கிழமை பாட்டைப் பத்தி ஊரே பேசுது தம்பி. எனக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கலை. பதிவு இருந்தா இந்த பென்டிரைவ்ல போட்டுக் குடுங்களேன். பெரிய டிரைவ்தான், உள்ள ஒரே குப்பை. மொத்தமா அழிச்சுட்டே போடுங்க."

அவன் முகம் தெளிந்தது. லேப்டாப்பைத் திறந்தான். மூடியில் கடித்த ஆப்பிள் இருந்தது. கோலியோ கீபோர்டை வேடிக்கை பார்ப்பவன்போல நகர்ந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். அழிக்கும் ஜன்னலில் எந்த வகை என்று கேட்கும் இடத்தில் நீளமாக ஒரு பட்டியல் விழுந்தது. செமிசி அதைப் படிக்கவே இல்லை. பேசிக்கொண்டே, கண்ணை மத்தலேனாமேல் வைத்துக்கொண்டே, பழைய ஃபேட் வகையை எடுத்து அழுத்தினான்.

"அது ஏண்ணே அந்த வகை? வேற நல்லது இருக்கே," என்றான் கோலியோ.

"கச்சேரிக்காரன் கைப்பழக்கம் தம்பி. மிக்ஸர், பழைய கீபோர்டு, ஸ்பீக்கர் பெட்டி, எதுல செருகினாலும் இதை மட்டும்தான் தகராறு இல்லாமப் படிக்கும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் என் கை இங்கதான் போகும்."

கோலியோவுக்குக் கை பரபரத்தது. மத்தலேனா அவனை ஒரு பார்வையில் உட்கார வைத்தாள்.

"பாதிரியார் வீட்டுல வசதியா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா. அதிகமா தங்கவும் இல்லையே. பெரியப்பாவுக்காக ஞாயித்துக்கிழமை பாடினேன். திங்கக்கிழமை காலையில முதல் விமானத்துல பாகோ போய், துக்கத்துக்கு வைக்க வேண்டிய கைநெசவுப் பாயை எடுத்துக்கிட்டு மறுநாளே திரும்பிட்டேன்."

பதிவு ஓடியது. அவன் குரல் உண்மையிலேயே அழவைக்கும் குரல். பின்னால் பாதிரியாரின் இருமல், குழந்தைகளின் சிணுங்கல், நடுவில் பவுலோ மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. பதிவின் நேரமும் திரையில் இருந்தது. பத்து நாற்பதுக்கு செமிசி இரண்டாவது சரணத்தில் இருந்தான்.

வெளியே வந்ததும் கோலியோ வழியில் கிடந்த தேங்காயை எட்டி உதைத்துவிட்டு, பாதத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டினான்.

"அவன்தான்க்கா! கை அவன் கை, கம்ப்யூட்டர் அவன் கம்ப்யூட்டர், அலமாரி அவன் தங்கியிருக்கிற வீடு. ஆனா ஊரே சாட்சியா முன்னூறு பேர் முன்னால பாடிக்கிட்டிருக்கான்! பாடிக்கிட்டே கால் விரலால ஃபார்மட் பண்ணானா? இப்போ சபையில போய் என்ன சொல்றது? மணி ரெண்டு ஆகப் போகுது."

"கத்தாதே. பவுலோவாயிட்டே."

"நீங்க நடக்கற வேகத்துக்கு..." அவன் முடிப்பதற்குள் மறுபடியும் செல்போன். எடுத்து வெடித்தான். "அத்தை! படகு இந்நேரம் கிளம்பியிருக்கும். நாளைக்கு இல்லைன்னு காலையிலேயே சொன்னேன்ல? நான் என்ன பண்ணட்டும், நீங்க இன்னும் நேத்துலயே இருக்கீங்க!"

மத்தலேனாவின் விசிறி நின்றது.

"போனைக் குடு."

"அக்கா, அத்தை பேச ஆரம்பிச்சா..."

"குடுடா." அவள் போனைக் காதில் வைத்தாள். "வணக்கம்மா. உங்க ஊர்ல இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்," என்றது அத்தையின் குரல், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி. "ஏன், யாராவது போயிட்டாங்களா?"

"இல்லம்மா. ஒரு குடும்பம் பொழைச்சுது." போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் சுங்கச் சோதனையில் பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே இன்னொரு பலகையைக் கண்டுபிடித்த சந்தோஷம் இருந்தது. "கோலியோ, பாகோ பாகோவுக்கும் நமக்கும் நடுவுல தேதிக் கோடு போகுது. மணி ஒண்ணுதான், கிழமை மட்டும் ஒரு நாள் பின்னால. செமிசி இங்க திங்கக்கிழமை காலையில விமானம் ஏறினான். அங்க இறங்கறப்ப?"

"ஞாயித்துக்கிழமை காலை." கோலியோவின் வாய் திறந்தபடி நின்றது. "அக்கா! அவனுக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை!"

"முதல் ஞாயிறு இங்க பாடினான். ரெண்டாவது ஞாயிறு அங்க அழிச்சான்."

"ஆனா டிஸ்க் இங்கதானே இருக்கு? இங்க திறந்தா இங்கத்திய தேதியைத்தானே காட்டணும்?"

"புது வகை அப்படித்தான் காட்டும். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, எந்த ஊர்ல திறக்கறியோ அந்த ஊர்க் கணக்குக்கு மாத்திச் சொல்லும். அதுல அழிச்சிருந்தா வாத்தியார் திங்கக்கிழமைன்னு படிச்சிருப்பாரு, டிரேசா மேல பழியே வந்திருக்காது. பழைய ஃபேட்டுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. சுவர்ல மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பாத்து அப்படியே எழுதி வெச்சுக்கும். எந்த ஊர்ச் சுவருன்னு எழுதாது."

அவள் திரும்பி நடந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக கோலியோ அவளுக்கு ஈடுகொடுக்க ஓட வேண்டியிருந்தது.

செமிசி இன்னும் அதே இடத்தில்தான் இருந்தான். கீபோர்டின் மூடி சாத்தியிருந்தது. திரும்பி வருவார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தவன்போல இருந்தான்.

"பாகோவுல அந்த ஞாயித்துக்கிழமை நீங்க தேவாலயத்துக்குப் போகலையே தம்பி?" என்று கேட்டாள் மத்தலேனா.

அவன் தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"பெரியப்பா என்ன சொல்லியிருக்காருன்னு தெரிஞ்சுக்காம இருக்க முடியலை. ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை. பையில போட்டு எடுத்துட்டுப் போய், வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுப் பாத்தேன். என் பேரைச் சொன்னாருக்கா. செமிசிதான்னு. அங்க எனக்கு ஒரு சின்ன வீடு, ஒரு பேண்டு, பாட்டு. பட்டம் வந்தா அத்தனையும் விட்டுட்டு இங்க வந்து உக்காரணும். முடியாதுன்னு குடும்பத்து முன்னால எப்படிச் சொல்றது? செத்தவர் வாக்கை யார் மறுப்பாங்க? அழிச்சுட்டேன். விண்டோஸ்ல திறக்கணுமேன்னுதான் அந்த வகை. கை தானாப் போச்சு."

"அதை விடுங்க," என்றான் கோலியோ. குரல் அவனை மீறி உயர்ந்தது. "டிரேசா மேல பழி விழுந்துச்சே, அப்போ வாய் எங்கண்ணே போச்சு?"

"வாத்தியார் ஞாயித்துக்கிழமைன்னு படிச்சப்ப எனக்கே புரியலை தம்பி. பாதிரியார் வீட்டுக்குப் போனதும் புரிஞ்சுது." அவன் நிறுத்தினான். "புரிஞ்சும் சும்மா இருந்தேன்."

கோலியோவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளானாலும் இந்த மண்ணில் அண்ணன் அண்ணன்தான், தங்கை தங்கைதான். தங்கையின் பெயரைக் காப்பது அண்ணன் வேலை. அந்தத் தங்கையை மூட்டை கட்ட விட்டுவிட்டு இவன் இங்கே சுருதி சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

செமிசி எழுந்து பக்கத்திலிருந்த பாதிரியார் வீட்டுக்குள் போனான். வெளியே வந்தபோது கையில் பாகோவிலிருந்து கொண்டுவந்த பாய் இருந்தது. பட்டுத்துணி மாதிரி மென்மையான, வருஷக்கணக்கில் நெய்த பாய். பெரியப்பாவின் துக்கத்துக்கென்று எடுத்து வந்தது.

ஊர் நடுவிலிருந்த புல்வெளி வழியாக அவன் நடந்தபோது சபைக்கு வந்துகொண்டிருந்த தலைவர்கள் நின்று பார்த்தார்கள். டிரேசாவின் வீட்டுக்கு முன்னால், உச்சி சாய்ந்தும் தணியாத வெயிலில், மண்டியிட்டான். பாயை விரித்துத் தலைமேல் போட்டுக் குனிந்துகொண்டான். என்ன நடந்தது என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குற்றம் செய்தவன் பாய்க்குள் போனால், பாதிக்கப்பட்டவர் வந்து அதை எடுத்துவிடும்வரை வெளியே வர முடியாது. எடுக்காமலே விட்டுவிட்டால் அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

கூட்டம் சேர்ந்தது. பவுலோகூடச் சத்தமில்லாமல் பேருந்திலிருந்து இறங்கினான்.

டிரேசா கடைக்குள்ளேயே இருந்தாள். பின்னாலேயே வந்த மத்தலேனாவும் கோலியோவும் நடந்ததை அவளிடம் சொல்லியிருந்தார்கள். திரையில் பச்சைப் பட்டை முடிந்து போயிருந்தது. கீழே இரண்டு ஃபைல்கள். பெயர் போய்விட்டது, உடம்பு இருந்தது. முதலாவது பெரிது, இரண்டாவது சின்னது. ஜன்னல் வழியாகப் பாயைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

"எடுக்கப் போறதில்லையா?" என்று கோலியோ மெதுவாகக் கேட்டான். வெயிலில் பாய் அசையவில்லை.

"முதல்ல அப்பா பேசட்டும்," என்றாள் அவள். "குடும்பம் பூரா வெளியதான் நிக்குது."

ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தாள். முதல் ஃபைலை ஓட விட்டாள். கிழவரின் கரகரத்த குரல் புல்வெளி முழுக்கப் பரவியது. முன்னோர் பெயர்கள், நிலத்தின் எல்லைகள், யார் யாருக்கு என்ன கடமை என்று நெடுநேரம் போயிற்று. கடைசியில் வந்தது.

"இந்தப் பட்டத்துக்கு நான் நினைச்சது என் தம்பி மகனை. செமிசியை. குரல் இருக்கு, பொறுமை இருக்கு..."

அங்கே அறுந்தது. கூட்டம் முணுமுணுத்தது. பவுலோ தலையைக் குனிந்துகொண்டான்.

"இதோட நிறுத்திட்டீங்களா அண்ணே?" டிரேசா வாசலில் வந்து நின்று பாயைப் பார்த்துக் கேட்டாள்.

பாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. "ஆமா. அடுத்தது வேற ஏதோன்னு நினைச்சேன்."

டிரேசா உள்ளே போய் இரண்டாவது ஃபைலைத் தொட்டாள்.

"...ஆனா அவனை இழுத்துட்டு வந்துடாதீங்க. பாட்டுப் பெட்டிகிட்ட இருக்கறப்ப அவன் சிரிக்கிறான். ஊருக்கு வந்தா சிரிக்கிறதில்லை, நான் கவனிச்சிருக்கேன். அவனை விட்டுடுங்க, அவன் மேல யாருக்கும் வருத்தம் இருக்கக் கூடாது. பவுலோ, கோவிச்சுக்காதேப்பா. நீ கத்தினா பஸ் நகரும், குடும்பம் நகராது. என் மக டிரேசாகிட்ட ஊரே ரிப்பேருக்கு வருது. போனை மட்டுமா கொண்டு வருது? வீட்டுச் சண்டையையும் சேர்த்துக் கொண்டு வருது. ரெண்டையும் சரி பண்ணித்தான் திருப்பி அனுப்பறா. எனக்கு அப்புறம் மாலேபோ அவதான். எனக்கு மூச்சு வாங்குது, இந்தக் கேமராவை எப்படி நிறுத்தறதுன்னு தெரியலை. டிரேசா! ஏ டிரேசா!"

கூப்பிட்ட குரலோடு அது முடிந்தது.

புல்வெளியில் பாய் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு ஆள் அழுகிற குலுங்கல். மூடிவிடும் என்று அவன் அஞ்சிய கதவைத் திறந்துவிட்டே போயிருக்கிறார் கிழவர். இரண்டாவதையும் பார்த்திருந்தால் பயப்படவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், தங்கையைத் தலைகுனிய வைக்கவும் வேண்டாம். கோலியோவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

டிரேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். குழந்தைகள் மூட்டைமேல் எழுந்து நின்று பார்த்தார்கள். அவள் பாயின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல எடுத்து, ஒழுங்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். வியர்வையில் நனைந்து, தலை நிமிராமல் செமிசி மண்டியிட்டிருந்தான்.

"எந்திரிங்கண்ணே. தண்ணி குடிங்க," என்றாள். "இனிமே எதைப் பாத்தாலும் கடைசி வரைக்கும் பாருங்க."

பவுலோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். ஏதோ பெரிதாகக் கத்தப்போகிறான் என்று கோலியோ காதைப் பொத்தத் தயாரானான். பவுலோ தொண்டையைச் செருமி, அந்த ஊர் அதுவரை அவனிடம் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னான்:

"மாலேபோ, சபை உங்களுக்காகக் காத்திருக்கு."

டிரேசா பாயோடு புல்வெளியைக் கடந்து போனாள். மத்தலேனா மிச்சமிருந்த பனிகேகேயைத் தேடிக்கொண்டு கடைக்குள் திரும்பினாள்.

"கோலியோ, வா, கிளம்பலாம். உன் அத்தைக்கு ஒரு நன்றி சொல்லணும்."

எட்டிப் பார்த்தாள். கோலியோ வாசலில் குந்தி உட்கார்ந்து, பல்லால் கடித்து முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சட்டிகளையும் பாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் குழந்தைகளிடம் கொடுக்க, அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே சுமந்தார்கள். கடைசி மூட்டை காலியாகும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.